"கத்தியைப் பறிக்கச் சொல்லிக்கொடுத்தேன், பையனின் கை போய்விட்டது": ஓர் ஆசானின் கடிதத்துக்குப் பதில்

ராமநாதபுரம் மாவட்டத்தில், தென்கடல் ஓரத்து ஊர் ஒன்றிலிருந்து 58 வயது சிலம்ப ஆசான் ஒருவர் எழுதியிருக்கிறார். நாலு பக்கக் கடிதம். ஆளையும் ஊரையும் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

முப்பது வருடமாகக் கடற்கரை மணலில் பிள்ளைகளுக்குச் சிலம்பமும் குத்துவரிசையும் சொல்லிக்கொடுக்கிறார். சில வருடங்களுக்கு முன்பு பெற்றோர்கள் "தற்காப்பும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்க" என்று கேட்டார்கள். தெரிந்த கராத்தே மாஸ்டரிடமும் செல்போன் வீடியோக்களிலும் பார்த்து, கத்தி பறிக்கும் பிடிகள் ஏழெட்டை வகுப்பில் சேர்த்தார். பயம் போக வேண்டும் என்று சில நாள் நிஜக் கத்தியையே பயன்படுத்தியிருக்கிறார்.

அவருடைய மாணவன் ஒருவனுக்கு 21 வயது, நாட்டுப்படகில் போகிறவன். மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு ராத்திரி, ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் பணத் தகராறு. எதிராளி இடுப்பிலிருந்து கயிறு அறுக்கும் கத்தியை உருவினான். பையன் ஓடவில்லை. படித்த பிடியைப் போட்டான். கத்தி அவன் கைக்கு வந்துவிட்டது, ஆனால் இடது உள்ளங்கையும் இரண்டு விரல்களும் கிழிந்துபோயின. கத்தியைப் பறிகொடுத்தவன் திரும்பி ஓட, பையன் பத்தடி துரத்திப் போய் முதுகில் ஒரு குத்து குத்தினான். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் வழக்குப் பதிவாகியிருக்கிறது.

"கத்தியைப் பறிச்சா விடாதேன்னு ஆசான்தான் சொன்னார்" என்று பையன் போலீசில் சொன்னதாகக் கேள்வி. பையனின் அப்பா ஆசான் மீதே புகார் கொடுக்கப்போகிறாராம். ஊரில் வேறு சிலரோ, "பிள்ளைங்க இடுப்புல ஒரு சின்னக் கத்தி இருக்கட்டும், ஒன்பது அங்குலத்துக்குக் கீழே லைசென்ஸ் வேண்டாமே" என்கிறார்கள். தற்காப்புக்காகக் குத்தியவனைச் சட்டம் விட்டுவிடும்தானே, என் மீது வழக்கு வருமா, வகுப்பை மூடிவிடவா என்று ஆசான் கேட்கிறார். கடைசி வரியில், "பையனைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை" என்று முடித்திருக்கிறார்.

ஆசான் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ராமநாதபுரம் கோர்ட்டில் இருபது வருடத்துக்கு மேலாகக் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். சின்ன வயதில் நானும் கம்பு சுற்றியவன்தான். அதனால் வக்கீலாக மட்டும் இல்லாமல், மணலில் நின்று பழகியவனாகவும் கொஞ்சம் பேசுகிறேன். சில இடங்களில் உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பையனின் வழக்கு. தற்காப்பு என்று சொல்லிவிட்டால் சட்டம் விட்டுவிடும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அது பாதிதான் சரி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. உயிர் போய்விடும், கொடுங்காயம் பட்டுவிடும் என்று நியாயமாகப் பயப்படும் நிலையில், எதிராளியின் உயிரே போனாலும் குற்றமில்லை என்கிறது 38-வது பிரிவு. அந்த அளவுக்குப் பெரிய உரிமை அது. ஆனால் ஆபத்து பற்றிய பயம் எதுவரை இருக்கிறதோ அதுவரைதான் உரிமையும் என்கிறது 40-வது பிரிவு. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்கிறது 37.

பையனுக்கு அது ஒரே சண்டை, மொத்தம் பத்துப் பதினைந்து விநாடி. சட்டமோ அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கும். கத்தியோடு வந்தவனை மறித்தது, பிடித்தது, பறித்தது, அந்தத் தள்ளுமுள்ளில் எதிராளிக்குக் காயம் பட்டிருந்தால் அதுவும்கூட, உரிமைக்குள் வரும். வெறுங்கையோடு ஓடுகிறவனைப் பத்தடி துரத்தி முதுகில் குத்தியது வேறு கதை. காயம் முதுகில் இருப்பதை எந்த வக்கீலாலும் மறைக்க முடியாது. எஃப்.ஐ.ஆரில் ஆயுதத்தால் காயப்படுத்தியதற்கான 118 போட்டிருக்கிறார்களா, கொலை முயற்சிக்கான 109 போட்டிருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஜாமீனும் தண்டனையும் அதைப் பொறுத்தே மாறும், முதலில் அதன் நகலை வாங்கச் சொல்லுங்கள்.

இதனால் பையனுக்கு வழியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உயிருக்குப் பயந்து நின்றவன் எவ்வளவு பலத்தோடு தடுத்தான் என்று தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் தற்காப்புரிமை பற்றிய விதிகளை ஒரே இடத்தில் தொகுத்தும் கொடுத்தது. தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு பையனுடையதுதான். ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதற்கு அவன் கையே சாட்சி. கத்திக்குக் கை கொடுத்துத் தடுத்தவனுக்குத்தான் உள்ளங்கையிலும் விரல்களின் உள்பக்கமும் குறுக்கே வெட்டு விழும். குற்றம் சாட்டப்பட்டவர் உடம்பில் இருக்கும் காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் சொல்லாமல் போனால் அது வழக்கையே ஆட்டிவிடும் என்று 1976-ல் லட்சுமி சிங் வழக்கிலேயே தீர்ப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் முதலில் பதிந்த விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்றிதழ், அன்று போட்டிருந்த சட்டை, எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும். சட்டையைத் துவைத்துவிடாதீர்கள் என்று பையனின் அம்மாவிடம் இன்றே சொல்லி அனுப்புங்கள். துவைத்துக் காயப்போட்ட சட்டையோடு என் அலுவலகத்துக்கு வந்த தாய்மார்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பக்க வழக்கையும் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிப்பதுதான் முறை, அதை வக்கீல் கேட்டுப் பெற வேண்டும். இன்னும் கைதாகவில்லை என்றால் முன்ஜாமீனுக்குப் போகலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். ஊர் கமிட்டியில் சமாதானம் பேசுவது நல்லதுதான், பகை வளராமல் இருக்கும். ஆனால் கமிட்டியில் பேசி முடித்ததால் போலீஸ் வழக்கு முடிந்துவிடாது. சமாதானத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். 109 போட்டிருந்தால் நீதிமன்றம் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ளாது.

உங்கள் மீது வழக்கு வருமா?

வித்தை சொல்லிக்கொடுத்ததற்காக மட்டும் நீங்கள் குற்றவாளி ஆக மாட்டீர்கள். உடந்தை என்று சொல்ல வேண்டுமானால், இந்தக் குற்றத்தைச் செய் என்று தூண்டியிருக்க வேண்டும், சதி செய்திருக்க வேண்டும், அல்லது வேண்டுமென்றே உதவியிருக்க வேண்டும். நீங்கள் வகுப்பில் சொன்னது "பிடியை விடாதே" என்று. கத்தி பிடித்த மணிக்கட்டை விட்டுவிடாதே என்ற அர்த்தத்தில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பையன் காதில் அது "ஆளை விடாதே" என்று விழுந்திருக்கிறது. போலீஸ் கூப்பிட்டால் வக்கீல் ஒருவரைக் கலந்துகொண்டு போய், இதை அப்படியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. சம்பவத்துக்கு மறுநாள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் "என் மாணவன் கத்தியைப் பறித்த வீரன்" என்று போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பயந்துபோய் அதை அழிக்காதீர்கள். சாட்சியத்தை அழித்தது என்ற புதுத் தலைவலி வரும். அதற்கு மேல் ஒரு வரிகூட அங்கே எழுதாதீர்கள்.

எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். நிஜக் கத்தி வைத்துப் பயிற்சி கொடுத்ததையும், பெற்றோரிடம் கையெழுத்து வாங்கியிருப்பதால் கவலையில்லை என்பதையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். 18 வயது நிரம்பிய இருவர் சம்மதித்து, முறைப்படி விளையாடும்போது காயம் பட்டால் குற்றமில்லை என்று 25-வது பிரிவு சொல்கிறது. வாள்விளையாட்டையே உதாரணமாகச் சொல்கிறது சட்டம். ஆனால் அந்தப் பிரிவு 18 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பதினாலு வயதுப் பையன் கையில் கூரான கத்தி கொடுத்து இன்னொரு பையன் மீது பாயச் சொல்லி, ஏதாவது ஆகிவிட்டால், அது 125-வது பிரிவில் வரும் அஜாக்கிரதை. கொடுங்காயம் என்றால் மூன்று வருடம் வரை சிறை. அந்தக் கையெழுத்துத் தாள் உங்களைக் காப்பாற்றாது. நிஜக் கத்தியை இன்றோடு களத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

அந்தப் பிடி ஏன் பலிக்கவில்லை

பையன் பிடியைத் தப்பாகப் போட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை ஆசான், அவன் சரியாகத்தான் போட்டிருக்கிறான். கத்தி கைக்கு வந்ததே அதற்கு அத்தாட்சி. சரியாகப் போட்டும் கை போயிருக்கிறது என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

போன வருடம் என் அக்கா மகன், பதினேழு வயது, கராத்தே வகுப்பில் கத்தி பறிக்கக் கற்றுக்கொண்டேன் என்று வந்து நின்றான். எனக்கும் ஆசை வந்துவிட்டது. தென்னை மட்டையில் கத்தி மாதிரி ஒரு துண்டு சீவி, குங்குமத்தை எண்ணெயில் குழைத்து அதன் விளிம்பில் தடவினோம். நான் வெள்ளை பனியனோடு நின்றேன். வகுப்பில் குத்துகிற மாதிரி குத்தாதே, நிஜமாக வா என்று சொன்னேன். கையைப் பின்னால் வைத்துக்கொண்டு பேசியபடியே பக்கத்தில் வந்தான். இடது கையால் என் தோளைப் பிடித்து இழுத்தான். அப்புறம் தையல் மிஷின் ஊசி மாதிரி வலது கை போய்ப் போய் வந்தது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பிடித்துவிட்டேன் என்று சந்தோஷமாகக் குனிந்து பார்த்தால், வயிற்றில் நாலு பொட்டு, விலாவில் ஒன்று, என் உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. எந்தப் பொட்டு எப்போது விழுந்தது என்றே தெரியவில்லை. பத்து முறை செய்தோம். ஒருமுறைகூட வெள்ளை பனியனோடு நான் வெளியே வரவில்லை.

வகுப்பில் எதிரில் நிற்கிறவன் ஒரே ஒரு குத்து குத்திவிட்டு, நீட்டிய கையை நமக்காக அப்படியே வைத்திருக்கிறான். நிஜத்தில் நீட்டிய கை அந்த விநாடியே திரும்பிப் போய்விடும், மறுபடி வரும். கத்தியைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொண்டு வருகிறவன் பெரும்பாலும் மிரட்டத்தான் வருகிறான், குத்த வருகிறவன் பக்கத்தில் வரும்வரை காட்ட மாட்டான். பயத்தில் விரல் நடுங்கும், நுணுக்கமான பிடி நழுவும். நம் கரையில் மீன் வழுவழுப்பு, வியர்வை, ரத்தம் எல்லாம் சேரும். குத்து வாங்கியவர்கள் பலர், "யாரோ கையால குத்தினாங்கன்னுதான் நினைச்சேன், சட்டை நனைஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஊர்ப் போட்டிகளில் கம்பு நுனியில் குங்குமம் தோய்த்து, உடம்பில் விழுந்த பொட்டை எண்ணுவது உங்களுக்குத் தெரியாததா? அதையே கத்திப் பயிற்சிக்கும் வையுங்கள். மரக்கத்தி, குங்குமம், வெள்ளை பனியன், கண்ணுக்குக் கண்ணாடி. ஒரு சாயங்காலம் போதும். எந்தப் பையனும் அதற்குப் பிறகு கத்திக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்க ஆசைப்பட மாட்டான்.

சின்னக் கத்தி விஷயம்

ஒன்பது அங்குலக் கணக்கு ஊர் முழுக்கத் தப்பாகப் பரவியிருக்கிறது. ஆயுத விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் தொழிலுக்கும் செய்தவை அதில் சேராது. லைசென்ஸ் பற்றிய கணக்கு அவ்வளவுதான். அதற்குக் கீழே இருக்கும் கத்தியை எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொண்டு போகலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. படகில் கயிறு அறுக்கிற கத்தி தொழில் கருவி. அதே கத்தி ராத்திரி பத்து மணிக்குத் திருவிழாவில் இடுப்பில் இருந்து, ஒருவர் மீது பட்டுவிட்டால், "தயாராகத்தான் வந்திருக்கிறான்" என்பார் அரசு வக்கீல். தற்காப்பு என்ற வாதம் அங்கேயே பலமிழக்கும். அப்புறம், இடுப்பில் கத்தி இருப்பவன் ஓட வேண்டிய இடத்தில் நிற்கிறான். இதை எத்தனையோ வழக்குகளில் பார்த்துவிட்டேன். பெற்றோர்களிடம் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வகுப்பை மூட வேண்டாம்

உங்கள் வித்தையின் முதல் பாடம் என்ன ஆசான்? தூரம். கம்பு நீளத்துக்குள் எதிராளியை வரவிடாதே, காலடியை மாற்று, விலகு, சுற்று. முப்பது வருடம் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீடியோவைப் பார்த்து, கத்தியை நோக்கி உள்ளே போ என்று சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள். உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்கான பாடம் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, உங்களிடமே இருக்கிறது.

1983-ல் டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்க போலீஸ் அதிகாரி, சால்ட் லேக் சிட்டியில், ஓர் ஆள் 21 அடி தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று அளந்து எழுதினார். ஏறக்குறைய ஒன்றரை விநாடி. வல்லம் என்கிற நம் நாட்டுப்படகின் நீளம்கூட இல்லை அந்தத் தூரம். மணலில் கோடு போட்டு உங்கள் பையன்களை ஓடவிட்டுப் பாருங்கள். கத்தியைப் பார்த்ததும் எவ்வளவு சீக்கிரம் விலக வேண்டும் என்று அவர்களுக்கே புரியும்.

கத்தியைக் கண்டால் ஓடுவதற்கும், கத்துவதற்கும், வெளிச்சமும் ஆளும் இருக்கும் பக்கம் போவதற்கும் பயிற்சி கொடுங்கள். ஓடுவது அவமானம் என்ற எண்ணம் நம் ஊர்ப் பையன்களின் மனதில் ஊறிக் கிடக்கிறது, அதைக் கரைக்க என்னால் முடியாது, உங்களால் முடியும். ஓட வழியில்லையென்றால் இருவருக்கும் நடுவில் எதையாவது கொண்டுவரச் சொல்லுங்கள். நம் கரையில் எதற்குக் குறை? துடுப்பு, மீன் பெட்டி, கூடை, சவுக்குக் கழி. துடுப்பு கிடைத்தால் உங்கள் மாணவன் எவனும் எதிராளியை நெருங்கவிட மாட்டான். வேறு எதுவுமே இல்லாமல் மூலையில் மாட்டிக்கொண்டால்தான் கையைப் பிடிக்கும் பேச்சு. அப்போதும் கை வெட்டுப்படும் என்று தெரிந்தே பிடிக்க வேண்டும். கத்தி கைக்கு வந்துவிட்டால், எட்டாத தூரத்தில் வீசிவிட்டு ஓடு என்று சொல்லிக்கொடுங்கள். கடலில் எறிய வேண்டாம், போலீசுக்கு அது வேண்டும். "விடாதே" என்ற சொல்லை இனி களத்தில் சொல்லவே வேண்டாம்.

ரத்தத்தை நிறுத்தவும் பழக்குங்கள். துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்த வேண்டும், நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. காப்பித்தூளும் மஞ்சளும் வேண்டாம். உடம்பில் கத்தி சொருகி நின்றால் பிடுங்கக் கூடாது. கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சினால், காயத்தின் மீது இல்லாமல், அதற்கு மேலே உடம்புப் பக்கமாகத் துண்டைக் கட்டி, குச்சி செருகி முறுக்கி இறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 108-ஐ முதலிலேயே கூப்பிட வேண்டும். வெளியே சின்ன ஓட்டையாகத் தெரியும் குத்துக் காயம் உள்ளே ஆழமாக இருக்கலாம், "ஒண்ணுமில்ல, லேசாத்தான்" என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடக் கூடாது.

கடைசியாக அந்தப் பையன். அவன் விரலில் அறுந்தது நரம்பு என்று எழுதியிருக்கிறீர்கள், அது தசைநாண். விரலை மடக்குவது அதுதான். விரலுக்குள் குறுகலான உறைக்குள் ஓடுவதால், தைத்த பிறகு ஒட்டிக்கொண்டு விரல் விறைத்துப்போகும் ஆபத்து அதிகம். சாதாரணமாக ஆறு வாரம் கட்டு, அதற்குள்ளேயே பிசியோதெரபிஸ்ட் சொல்கிற அளவுக்கு மட்டும் அசைப்பது, பாரம் தூக்க மூன்று மாதம்வரை பொறுத்திருப்பது. அவசரப்பட்டு வலையை இழுத்தால் தைத்தது அறுந்துவிடும். பயிற்சியை விட்டுவிட்டால் விரல் மடங்காது. படகுக்குப் போகிறவனுக்கு இந்த இரண்டு விரலும்தான் கயிறு.

மருத்துவமனைக்கு வாரம் தவறாமல் பஸ் ஏறிப் போய்வர அந்த வீட்டில் ஆள் இல்லை, அப்பா கடலுக்குப் போய்விடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பா முதல் நாள் வாசலில் நிறுத்தித் திட்டுவார், நின்று கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வாரமும் போங்கள். விரலை எத்தனை முறை மடக்க வேண்டும் என்று அங்கே சொல்லித் தருவார்கள். அதை வீட்டில் எண்ணிப் பழக்க ஓர் ஆசான் இருந்தால் அவன் விட்டுவிட மாட்டான்.